பெங்களூர் வீட்டுப் பூனைக்கு முதலில் சீப்பு, கடைசியில்தான் ஷாம்பு: தோல், முடி பராமரிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

சோபா முழுக்க முடி, பூனை சொறிந்துகொண்டே இருக்கிறது, முதுகில் பொடுகு. இப்படி எது தெரிந்தாலும் பெரும்பாலான வீடுகளில் கை நேராக ஷாம்பு பாட்டிலுக்குத்தான் போகிறது. நாய் வளர்த்த பழக்கம் அது. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்வதிலேயே செலவிடும் பிராணி. அதன் முடி மங்கினால் அழுக்கு சேர்ந்தது காரணமாக இருப்பது அரிது. தட்டில் இருக்கும் சாப்பாடு, முடிக்குள் ஓடும் பூச்சி, தோலில் படர்ந்த பூஞ்சை, அல்லது நக்க முடியாதபடி உடம்பில் எங்கோ ஒரு வலி, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் குளியல் கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது.

வாரம் ஒரு முறை: கண்ணை விடக் கைக்கு அதிகம் தெரியும்

பூனை சாப்பிட்டு முடித்துச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். மோவாயில் தொடங்கி வால் வரை ஒரே வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது.

மோவாயில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருக்கிறதா? அது பூனைக்கு வரும் முகப்பரு. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றி எவர்சில்வரிலோ பீங்கானிலோ சாப்பாடு வைத்து, கிண்ணத்தைத் தினமும் கழுவினாலே பாதிப் பூனைகளுக்குச் சரியாகிவிடும். பிதுக்காதீர்கள், சீழ் வைக்கும். மேலுதட்டில் அரித்துத் தின்றது போல ஒரு புண் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை சம்பந்தப்பட்டது, டாக்டர் பார்க்க வேண்டும். மூக்கு மேட்டிலும் காது மேல்புறத்திலும் சின்னச் சின்னப் புண்கள் என்றால் கொசுக்கடியைச் சந்தேகிக்கலாம். அல்சூர் ஏரிப் பக்கமோ வேறு ஏரிப் பக்கமோ குடியிருப்பவர்கள் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துச் சில வாரம் பூனையை உள்ளேயே வைத்துப் பார்த்தால், புண் ஆறுவதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

அடுத்து காது ஓரம். அங்கே சாம்பல் நிறப் பொருக்கு தடித்திருந்தால் சொறி. கீழே விரிவாக வருகிறது. காதுக்குள் ஃபில்டரில் மிஞ்சும் காபி மண்டி போலக் கறுப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் காதுச் செள், அதாவது காதுக்குள் வாழும் நுண்ணிய பூச்சி. வெள்ளைப் பூனை என்றால் காது நுனியை இன்னும் கவனமாகப் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளுகுளுவென்று காற்று அடித்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் சும்மா விடாது. வெள்ளைக் காது நுனி வருஷக்கணக்கில் சிவந்து, தோல் உரிந்து, ஆறாத புண்ணானால் அது புற்றுநோயாக மாற வாய்ப்பு உண்டு. 11 மணியிலிருந்து 3 மணி வரை பால்கனிக் கதவைச் சாத்தி வைப்பதுதான் எளிய தடுப்பு.

கழுத்து, முதுகு, வாலடி என்று முடியின் எதிர்த்திசையில் விரலை ஓட்டுங்கள். தினை அளவுப் பொருக்குகள் கைக்குத் தட்டுப்படலாம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வாமையின் முதல் அடையாளம் அதுதான், காரணம் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. கடைசியாக வயிறு, தொடையின் உள்பக்கம், ஆசனவாய். வயிற்றில் முடி மொட்டையாக இருந்தால் தானாகக் கொட்டியதா, பூனையே நக்கி உடைத்ததா என்று பார்க்க வேண்டும். சொட்டையின் ஓரத்தைத் தடவினால் சொரசொரவென்று குத்தினால் உடைந்த முடி, அதாவது நக்கியது. வயிற்றை நக்கும் எல்லாப் பூனைக்கும் அரிப்பு என்று நினைக்க வேண்டாம். மூத்திரப்பை வலியாலும் அதே இடத்தை நக்கும். பூனைகளுக்கு இது அடிக்கடி நடப்பது, அடிக்கடி தவறவிடப்படுவதும்கூட.

எது தெரிந்தாலும் அதே இடத்தை அதே வெளிச்சத்தில் வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சொட்டை பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்பதில் ஞாபகத்தை நம்ப முடியாது.

தட்டு

முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். பூனை சாப்பிடும் புரதத்தில் நல்ல ஒரு பங்கு தோலுக்கும் முடிக்குமே போகிறது. உணவில் குறை வந்தால் உடம்பு இதயத்தையும் ஈரலையும் காப்பாற்றிக்கொண்டு முடியைத்தான் முதலில் கைவிடும். அப்போது முடி மங்கும், முரடாகும், இழுத்தால் கையோடு வரும்.

சைவச் சமையல் நடக்கும் நம் வீடுகளில் பூனைக்குத் தயிர் சாதமும் பாலும் பரம்பரை உணவு. பூனை அதை ஆசையாகச் சாப்பிடும் என்பதும் உண்மை. ஆனால் அதற்குத் தேவையான டாரின், அராகிடோனிக் அமிலம், உருமாறத் தேவையில்லாத நேரடி வைட்டமின் ஏ ஆகிய மூன்று சத்துகளும் போதிய அளவில் இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கும். கேரட்டிலிருக்கும் சத்தை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம்; பூனையால் அது முடியாது. தயிர் சாதத்தில் வளரும் பூனை உயிரோடு இருக்கும், எலியோ பல்லியோ பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். அபார்ட்மெண்டின் ஏழாவது மாடியில் அதற்கு எலி ஏது?

வெறும் வேகவைத்த கோழியும் முழு உணவு ஆகாது. கால்சியம் இல்லை, வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினும் அதோடு போய்விடும். முழுச் சத்துணவு என்று எழுதிய பூனை உணவு அன்றாடத்துக்கு இருக்கட்டும், வீட்டுச் சமையல் மேலே ஒரு கைப்பிடியாக இருக்கட்டும். பாக்கெட்டில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும்போது ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஈர உணவுப் பாக்கெட்டில் புரதம் 10%, ஈரப்பதம் 82% என்று இருந்தால், தண்ணீரைக் கழித்து மிஞ்சுவது 18%. அதில் 10 என்பது 55%. பக்கத்தில் உள்ள உலர் உணவில் புரதம் 30%, ஈரப்பதம் 10% என்றால் தண்ணீர் நீங்கலாக 33%. அதாவது 10 என்று போட்டிருக்கும் பாக்கெட்தான் இங்கே உசத்தி. வளர்ந்த பூனைக்கு இந்தக் கணக்கில் குறைந்தபட்சம் 26%, குட்டிக்கு 30% என்பது அமெரிக்கத் தர அளவு. அதற்குக் கீழே போகும் மலிவு உணவை வாங்கிவிட்டு முடி எண்ணெய்க்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

மீன் நல்லதுதான், ஆனால் மீன் மட்டுமே என்பது கெடுதல். ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி வாங்கினால் வாரம் ஒன்றிரண்டு முறை, வேகவைத்து முள் எடுத்து, கட்டைவிரல் அளவுத் துண்டு இரண்டு. தினமும் கொழுப்பு மீனாகவே கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே பூனை கத்தும் நோய் வரும். பச்சை மீன் பலவற்றில் தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழிக்கும் நொதி இருக்கிறது; வேகவைப்பதன் முக்கியக் காரணம் அதுதான். கோழி ஈரல் வாரம் இரண்டு முறை, கட்டைவிரல் அளவு. அதற்கு மேல் போனால் வைட்டமின் ஏ மிகும். முட்டை வெந்ததாக இருக்கட்டும். பச்சை வெள்ளைக்கரு முடிக்கு வேண்டிய பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். குழம்பில் போட்ட மீன் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மீன் எண்ணெய் உண்மையிலேயே உதவும் ஒரே துணை உணவு என்று சொல்லலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. இருக்கும். ஊசியால் குத்தி, முதல் நாள் இரண்டு சொட்டு, பிறகு இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டி, 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஒரு மாத்திரை வரை போகலாம். அதற்கு மேல் டாக்டர் சொன்னால்தான். வயிறு இளகினால் அளவைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், புது முடி முளைத்து வர வேண்டுமல்லவா. வாங்கும்போது காட் லிவர் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் அதிகம், பூனைக்கு நஞ்சாகச் சேரும். ஆளி விதை எண்ணெய் ஊற்றுவதும் வீண். அதிலிருக்கும் ஒமேகா-3 வகையை இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக மாற்றும் திறன் பூனைக்கு மிகவும் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: 4 கிலோ பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மில்லி தேவை. பெங்களூரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று உலர்ந்து கிடக்கும் மாதங்களில் பொடுகு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதங்களில் ஒரு வேளை ஈர உணவாக்கிவிடுங்கள்.

சீப்பு

குட்டை முடிப் பூனைக்கு வாரம் இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம். பாரசீகப் பூனை போன்ற நீள முடிக்காரர்களுக்குத் தினமும், தவறாமல். தினமும் முடியாது என்று நினைப்பவர்கள் பாரசீகப் பூனை வாங்குவதற்கு முன் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

தேவையான சாமான் மூன்று. பாதி அகலப் பல்லும் பாதி நெருக்கப் பல்லும் உள்ள எவர்சில்வர் சீப்பு. வளைந்த கம்பி முள் பிரஷ், அதுவும் நீள முடிக்கு மட்டும். பிறகு நம் வீட்டுப் பேன் சீப்பு, உலோகத்தால் ஆனது. கம்பி பிரஷை முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் பூனைக்கும் எரியும், அந்த அழுத்தம் கூடாது. அடிமுடியைக் கூடைக்கணக்கில் எடுத்துத் தரும் பல் போன்ற பிளேடு வைத்த கருவிகள் இப்போது பிரபலம். வாரம் ஒரு முறைக்கு மேல் போட்டால் அது உதிர்ந்த முடியோடு நல்ல முடியையும் வெட்டும். வாலடியில் திடீரென்று மொட்டை தெரிந்து பதறி ஓடி வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நீள முடியை மேலாக வாரினால் மேலே பளபளக்கும், உள்ளே சடை கட்டும். இடது கையால் முடியை மேலே தூக்கி, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி பிரித்து, அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முடியை வேரிலிருந்து நுனிக்கு வாருங்கள். பிறகு ஒரு விரல் அகலம் மேலே அடுத்த கோடு. அக்குள், காதுக்குப் பின்புறம், தொடையின் பின்பக்கம், வயிறு ஆகிய நான்கு இடங்களில்தான் சடை தொடங்கும். வயிற்றைக் கடைசியில் தொடுங்கள்; அங்கேதான் கடி விழும்.

சடை கட்டிவிட்டால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சடையைத் தூக்கும்போது கூடாரம் போலக் கூடவே எழும்பி வரும். முடி என்று நினைத்து நறுக்கினால் தோல் இரண்டங்குலம் கிழியும், ரத்தம்கூட அதிகம் வராததால் அடுத்த நாள்தான் தெரியும். சோள மாவைக் கொஞ்சம் தூவி, சடையின் வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தோல் இழுபடாதபடி நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். பிரியாவிட்டால் சடைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே டிரிம்மரை ஓட்டலாம். உடம்பெல்லாம் பாய் போலச் சடை என்றால் டாக்டரிடம் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நனைத்தால் சடை இன்னும் இறுகும், குளிப்பாட்டுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

வெயில் காலத்துக்காகச் சிங்கம் போல மொட்டையடிப்பது இந்த ஊருக்குத் தேவையில்லாத ஆடம்பரம். பூனையின் முடி குளிரையும் வெயிலையும் இரண்டையும் தடுக்கிறது. நீள முடி மறுபடி வளர நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

முன்பு சுத்தமாக இருந்த பூனை திடீரென்று முதுகின் பின்பாதியில் மட்டும் பொடுகும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தால், அங்கே நாக்கு எட்டவில்லை என்று பொருள். எடை கூடியிருக்கலாம். வயதான பூனை என்றால் மூட்டு வலி, பல் வலி. பத்து வயது தாண்டியிருந்தால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுப்பது எந்த ஷாம்புவை விடவும் உபயோகமான செலவு.

தெள்ளு

நம் ஆட்கள் உண்ணி என்றும் பேன் என்றும் தெள்ளு என்றும் எல்லாப் பூச்சியையும் ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். பூனையை அதிகம் வாட்டுவது தெள்ளுப்பூச்சி: பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டை, முடிக்குள் விறுவிறுவென்று ஓடும், பிடித்தால் குதிக்கும். பெங்களூர்த் தட்பவெப்பம் மனிதர்களுக்கு எவ்வளவு சுகமோ அதற்கும் அவ்வளவு சுகம். 20 முதல் 30 டிகிரியும் ஈரக் காற்றும்தான் அது பெருகுவதற்கு ஏற்ற சூழல். அதனால் இங்கே தெள்ளுக்கு ஓய்வு மாதம் என்று எதுவும் கிடையாது. ஜூன் முதல் அக்டோபர் வரை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பூனை நக்கியே பலவற்றை விழுங்கிவிடும். பேன் சீப்பால் வாலடியையும் கழுத்தையும் வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். செம்பழுப்பாகச் சாயம் இறங்கினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். இறங்காவிட்டால் வெறும் மண்.

இதை ஒழிப்பதில் பலர் தோற்பது ஒரே இடத்தில்: பூனை மேல் தெரிவது மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் சுமார் 5% மட்டுமே. மீதி 95% முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சோபா இடுக்கிலும் மெத்தையிலும் தரை விரிப்பிலும் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை வழுக்கிக்கொண்டு பூனை படுக்கும் இடத்தில் கொட்டும். கூட்டுப்புழு கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும், எந்த மருந்தும் உள்ளே நுழையாது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பிக் கதவைத் திறந்ததும் காலில் கடி விழுவது அதனால்தான். நடமாட்டத்தின் அதிர்வு பட்டதும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

அதனால் செய்முறை இப்படி இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் மருந்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் மருந்து. பூனையை எடை போடுங்கள். நீங்கள் பூனையோடு ஏறி நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் போதும். அந்த எடைக்குரிய பூனை ஸ்பாட்-ஆன், அதாவது தோலில் விடும் சொட்டு மருந்து வாங்குங்கள். செலாமெக்டின் உள்ளது தெள்ளோடு காதுச் செள்ளையும் பார்த்துக்கொள்ளும், ஃபிப்ரோனில் உள்ளது பூனைக்கு 0.5 மில்லிக் குப்பியாக வரும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போடாதீர்கள், பேன் சீப்பு மட்டும்தான். மண்டை ஓடு கழுத்தோடு சேரும் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரண்டாக வகிர்ந்து தோலைப் பார்த்த பிறகு குப்பியின் முனையைத் தோலில் வைத்துப் பிதுக்குங்கள். முடி மேல் வழிந்தால் வீண். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது.

மாதம் ஒரு முறை, விடாமல் மூன்று மாதமாவது. முதல் மாதத்திலேயே தெள்ளு தெரியவில்லை என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. கூட்டுக்குள் இருப்பவை இன்னும் வெளியே வந்திருக்காது. மூன்றாவது வாரத்தில் மறுபடி சில தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட வேண்டாம், புதிதாகப் பொரித்தவை மருந்து பட்டுச் சாக வருகின்றன.

வீட்டுப் பக்கத்தில், முதல் மாதம் தினமும் வாக்குவம். இல்லாவிட்டால் சோபா மெத்தையைத் தூக்கி இடுக்குகளைப் பெருக்கிக் குப்பையை அன்றே வெளியேற்றுங்கள். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை 60 டிகிரித் தண்ணீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப் போடுங்கள். பார்க்கிங்கில் சாப்பாடு வைக்கும் தெருப்பூனைகள் உங்கள் வீட்டுக்கும் வந்து போகும் என்றால், வருஷம் முழுக்கத் தொடர வேண்டியதுதான்.

பூனையின் ஆசனவாயில் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்கியதால் வந்தது. அதற்குப் பிராசிகுவான்டெல் உள்ள புழு மாத்திரை தனியாக வேண்டும். குட்டியின் ஈறு வெளிறி, சோர்ந்து கிடந்தால் தெள்ளு ரத்தத்தைக் குடித்தே சோகை கொண்டுவந்திருக்கும். அன்றே டாக்டர்.

படர்தாமரையும் சொறியும்

வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் சாம்பல் பொருக்கு. குட்டிகளிடம், மழைக் காலத்தில், தெருவிலிருந்து எடுத்து வந்த முதல் மாதத்தில் அதிகம் பார்ப்பது. இது மனிதருக்கு ஒட்டும், குழந்தைகளுக்கு முதலில். புதுக் குட்டி வந்தால் இரண்டு வாரம் தனி அறை என்ற விதியை வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி மிச்சம்.

டாக்டர் புற ஊதா விளக்கடியில் பார்ப்பார். முடி ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் படர்தாமரை. ஒளிராவிட்டால் இல்லை என்று ஆகாது, எல்லா வகையும் ஒளிர்வதில்லை. முடி மாதிரி எடுத்து அதிலுள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதுதான் உறுதி. சிகிச்சையில் உள்ளுக்கு மருந்து, மேலுக்கு குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் தலா 2% உள்ள ஷாம்பு வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம் ஊறவிட்டு. ஆக 6 முதல் 10 வாரம். முடி முளைத்ததும் நிறுத்திவிடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் மனிதருக்கென்று விற்கும், பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீமைப் பூனைக்குப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கி, பூஞ்சையைப் பரப்பும். போதாததற்குப் பூனை அதை நக்கியும் விழுங்கும்.

படர்தாமரையின் வித்துகள் உதிர்ந்த முடியில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். முதலில் முடி எல்லாவற்றையும் பெருக்கி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, அழுக்கு போன பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனைய விட்டு, வெறும் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. பூனை வேறு அறையில் இருக்கட்டும். பிளீச்சோடு வேறு எந்தக் கழிப்பறைத் திரவத்தையும் கலக்காதீர்கள்.

சொறி வேறு. காது ஓரத்தில் தொடங்கி முகம், இமை, கழுத்து என்று தடித்த பொருக்காகப் பரவும், அரிப்பு பேயாய் இருக்கும். பூனை சுருண்டு படுக்கும்போது முகம் காலிலும் வாலடியிலும் படுவதால் அங்கேயும் ஒட்டும். நுண்ணிய பூச்சியால் வருவது. செலாமெக்டின் போன்ற மருந்துக்கு நன்றாகவே அடங்கும். வேப்பெண்ணெய் தடவி இரண்டு மாதம் வீணாக்குவதுதான் பிரச்சினை.

பொடுகு நகர்வது போலத் தெரிந்தால் அது பிரமை இல்லை. பொடுகுக்குள் வாழும் ஒரு செள் உண்டு. செல்லோ டேப்பை முதுகில் ஒட்டி எடுத்து டாக்டரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

எதுவும் இல்லை, அரிப்பு மட்டும் நிற்கவில்லை

மூன்று மாதம் தெள்ளு மருந்து ஒழுங்காகப் போட்டாயிற்று, பூஞ்சை இல்லை, செள் இல்லை. அடுத்தது உணவு ஒவ்வாமை. பூனைகளுக்கு மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும்தான் அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. இதற்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லை. இதுவரை சாப்பிட்டே இராத ஒரு இறைச்சி, காடையோ வாத்தோ முயலோ, அதை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் சொல்லும் சத்துச் சேர்க்கையோடு, அல்லது அதற்கென்றே தயாரித்த உணவாக. எட்டு வாரத்தில் ஒரு நாள் பாட்டி ஒரு துண்டு கருவாடு போட்டாலும் கணக்கு முதலிலிருந்து. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தால்தான் நிச்சயம்.

அதிலும் தீரவில்லை என்றால் தூசு, மகரந்தம் வகை. நீண்ட நாள் மருந்து தேவைப்படும். ‘ஒரு ஊசி போட்டா ரெண்டு மாசம் அரிப்பே இருக்காது’ என்று சொல்லும் இடத்தில் அந்த ஊசியின் பெயரைக் கேளுங்கள். நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். அளவைக் கூட்டிக் குறைக்க முடிந்த மாத்திரையே மேல்.

குளியல், வேண்டியிருந்தால்

நல்ல நிலையிலிருக்கும் குட்டை முடிப் பூனைக்கு வாழ்நாளில் ஒரு குளியல்கூட அவசியமில்லை. கழிவு ஒட்டியது, கார் அடியில் போய் எண்ணெய் பூசிக்கொண்டது, டாக்டர் மருந்து ஷாம்பு எழுதியது, நீள முடியில் பிசுக்கு. இவைதான் காரணங்கள். டிசம்பர், ஜனவரியில் காலையில் வேண்டாம். நடுப்பகல் 12 மணிக்குத் தொடங்கினால் வெயிலிலேயே காய்ந்துவிடும்.

நகம் வெட்டி, முடி வாரி முடித்த பிறகு இரண்டு பக்கெட்டில் 38 டிகிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள். முழங்கைக்கு வெதுவெதுப்பாக, சூடாக இல்லாமல். குழாயோ ஷவரோ வேண்டாம், சத்தமே பாதி பயம். போர்வெல் தண்ணீர் வீடு என்றால் உப்புத்தன்மையால் ஷாம்பு முழுசாகப் போகாது, முடி சொரசொரப்பாகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவேரித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ தனியாக இருக்கட்டும். அகலமான டப்பின் அடியில் ஒரு துண்டை விரியுங்கள். கால் வழுக்காவிட்டால் பூனை பாதி அமைதி. கழுத்துக்குக் கீழே மட்டும் செம்பால் நனைத்து, தண்ணீரில் கலந்த பூனை ஷாம்புவை முடியின் போக்கிலேயே தடவுங்கள். முகத்துக்கு ஈரத் துணி போதும். மருந்து ஷாம்பு என்றால் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். இரண்டு நிமிடத்தில் அலசினால் மருந்தே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிந்து வந்த பிறகும் இன்னொரு செம்பு ஊற்றுங்கள். மிச்சம் இருப்பது அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

நம் ஷாம்பு ஆகாது, குழந்தை ஷாம்புவும் சேர்த்துத்தான். பூனையின் தோல் நம்முடையதை விட அமிலத்தன்மை குறைந்தது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை நனைக்கவே வேண்டாம், உடம்புச் சூடு சடாரென்று இறங்கும்.

பூனை மேல் படக் கூடாதவை

பூனையின் ஈரலுக்குச் சில வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாதது அதைக் கொல்லும். முதல் இடம் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி: நாய் ஸ்பாட்-ஆன்கள் சிலவற்றில் இருக்கிறது. ‘நாய் மருந்துல பாதி போட்டேன்’ என்பது அவசரப் பிரிவில் கேட்கும் வழக்கமான வாக்கியம். நடுக்கம், காது துடிப்பு, வலிப்பு என்று சில மணி நேரத்தில் தொடங்கும். தவறிப் பட்டுவிட்டால், வலிப்பு இல்லாத பட்சத்தில், பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வீட்டில் அந்த மருந்து போட்ட நாயோடு பூனையைச் சில நாள் பழகவும் விடக் கூடாது.

நாய்ச் சொறிக்கான அமிட்ராஸ், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் எல்லாமே இதே பட்டியல். தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் பென்சல்கோனியம் குளோரைடு காலில் ஒட்டி, நக்கும்போது நாக்கைப் புண்ணாக்கும். அளவாகக் கலந்து, தரை காய்ந்த பிறகே பூனையை விடுங்கள். மஞ்சள் பூசுவது நஞ்சில்லை, ஆனால் நிறத்தை ஏற்றிப் புண்ணை மறைத்துவிடும்; டாக்டர் எதைப் பார்ப்பார்?

டாக்டரிடம் போகும்போது

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, நடுக்கம், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாதது, தோல் ஈரமாகி நாற்றம் அடிப்பது, ஒரே நாளில் முகம் வீங்குவது. இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. மற்றதற்கு, இரண்டு வாரம் போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம். தோல் பிரிவுக்கு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல இடம், காலையிலேயே போய்விடுங்கள். அங்கே கன்னடம் தெரியாமல் தடுமாறுபவர்களுக்கு இரண்டு சொல் போதும்: பூனை ‘பெக்கு’, அரிப்பு ‘துரிகெ’.

கையில் கொண்டுபோக வேண்டியவை: போட்ட ஸ்பாட்-ஆனின் காலிக் குப்பியும் தேதியும், உணவுப் பாக்கெட்டின் பின்பக்கப் போட்டோ, வீட்டில் யாருக்காவது தோலில் வட்டமாக அரிப்பு இருக்கிறதா என்ற தகவல். ‘அழுக்காக இருக்கிறதே’ என்று வெட்கப்பட்டு முதல் நாள் குளிப்பாட்டி, பொருக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். டாக்டர் சுரண்டிப் பார்க்க வேண்டியதே அந்தப் பொருக்கைத்தான்.